இருபத்து நாலாவது விருப்பம்

ஒருவர் கேட்டதைக் கொடுக்காமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. இல்லை என்று சொல்லிவிடுவது பழைய வழி. அதில் சண்டை வரும். இருபத்து நான்கு வகை இருக்கிறது, உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்பது புது வழி. கேட்க வந்தவர் தலைசுற்றிப்போய், தப்பு தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுவார். கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கு வெளியே, பொள்ளாச்சி போகும் சாலையில், தென்னந்தோப்புகளை வெட்டிக் கட்டிய எல்லைப்புறப் பல்கலைக்கழகம் இந்தப் புது வழியில் வெகுதூரம் போய்விட்ட ஒன்று.

அதன் சேர்க்கைக் கையேடு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். உளவியல் இளநிலைப் படிப்புக்கு மட்டும் இருபத்து நான்கு விருப்பங்கள். ரிசார்ட்டில் விருந்தாளிகளைச் சமாளிக்க விருந்தோம்பல் உளவியல். வாளையார் சோதனைச் சாவடியில் மணிக்கணக்காக நிற்கும் லாரி ஓட்டுநர்களிடம் களப்பணி செய்ய நெடுஞ்சாலைப் பொறுமை உளவியல். உளவியலைத் துணைப்பாடமாக வைத்துக்கொண்டு, முதன்மைப் பாடம் பின்னர் அறிவிக்கப்படும் என்று ஒன்று. ஆராய்ச்சியோடு ஆனர்ஸ், ஆராய்ச்சி இல்லாத ஆனர்ஸ், மூன்றாம் ஆண்டில் வெளியேறும் வழி, முதலாம் ஆண்டிலேயே வெளியேறும் வழி. சேராமலே வெளியேறும் வழி ஒன்று மட்டும்தான் அச்சில் இல்லை. நடைமுறையில் அதுவும் இருந்தது.

சக்குபள்ளத்தில் ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் வளர்ந்த முருகேஸ்வரிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பி.எஸ்சி. உளவியல் ஆனர்ஸ். அதைப் படித்தவர்கள்தான் மேற்படிப்புக்குப் போக முடியும். மேற்படிப்பு முடித்தவர்கள்தான் ஆஸ்பத்திரியில் ஓர் அறையில் உட்கார்ந்து, வருகிறவர் மனசில் இருப்பதைக் கேட்கிற வேலைக்குப் போக முடியும். மற்ற இருபத்து மூன்றையும் படித்தவர்கள் எங்கே போவார்கள் என்று கையேடு சொல்லவில்லை. அவளுக்கு அந்த ஆஸ்பத்திரி அறைதான் வேண்டும். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

மார்க் போதுமான அளவு இருந்தது. இடமும் இருந்தது. கெடுத்தது அவளுடைய அப்பா பிச்சைமணியின் திறமை.

பிச்சைமணி தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்ப்பவர். அதைவிட அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மனு எழுதுவது. லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது அவர் மனுவால். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஜீப் வந்ததும் அப்படித்தான். அவர் மனுவில் ஒரு முறை உண்டு. நிஜமாக வேண்டியதை முதலில் எழுதக் கூடாது. மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் தாள் என்று ஆரம்பித்து, ஓட்டு ஒழுக்கு, படிக்கட்டு என்று போய், கடைசியில்தான் குழாயை எழுத வேண்டும். மேனேஜர் முதல் மூன்றையும் மறுப்பார். நாலாவதையும் மறுக்க எந்த மனுஷனுக்கும் கூச்சமாக இருக்கும். எடுத்த எடுப்பில் பெரியதைக் கேட்பது மரியாதையும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை.

சக்குபள்ளத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் மகள் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்ய, அப்பா பின்னால் நின்று வரிசை சொன்னார். வேண்டியதை முதலில் போட வேண்டுமோ என்று அவள் ஒரு தடவை கேட்டாள். குழாயை நினைத்துப் பார் என்றார் அவர். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது உண்மை. அவளால் மறுத்துப் பேச முடியவில்லை. விருந்தோம்பல் உளவியல் முதலில் போயிற்று. பி.எஸ்சி. உளவியல் ஆனர்ஸ், தோட்டத்து மரியாதையோடு, இருபத்து நாலாவது இடத்தில் கைகட்டி நின்றது.

மேலே உள்ளதே முதல் விருப்பம், அது கிடைத்தால் கீழே உள்ளவை தாமாகவே ரத்தாகும் என்பது கையேட்டின் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், எறும்பு ஊர்வது மாதிரியான எழுத்தில் இருந்தது. பட்டியல் வந்தபோது முருகேஸ்வரிக்கு விருந்தோம்பல் உளவியல் கிடைத்திருந்தது. "உங்கள் முதல் விருப்பமே நிறைவேறியது, வாழ்த்துகள்" என்று போனில் ஒரு செய்தியும் பூங்கொத்துப் படமும் வந்தன.

விருப்பத் திருத்தத்துக்கு மூன்று நாள் அவகாசம் என்றிருந்தது. அப்பாவும் மகளும் விடிவதற்கு முன் கிளம்பினார்கள். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக, குமுளியில் இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு, மத்தியானம் கொழிஞ்சாம்பாறை போய்ச் சேர்ந்தார்கள். மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. பல்கலைக்கழக வாசலில்தான் யார், எங்கே, எதற்கு என்று மூன்று பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள்.

விருப்ப மேலாண்மை மையம் இரண்டு மாடிக் கட்டடம். பதினோரு அதிகாரிகள். அவர்களில் திருத்தப் பிரிவைப் பார்த்தவர் ஸ்ரீஜித். மரியாதையான மனிதர். எதிரே நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, ஒன்றும் முடியாது என்பதை மிகவும் பொறுமையாக விளக்கினார். விருப்பத்தை மாற்ற வேண்டுமானால் மனசு மாறியிருக்க வேண்டும். மனசு மாறியதற்கு அத்தாட்சி வேண்டும். அதற்கு விருப்ப உறுதித் தேர்வு எழுத வேண்டும். என் மனசு மாறவே இல்லை சார், ஆரம்பத்திலிருந்தே இதுதான் வேண்டும் என்றாள் முருகேஸ்வரி. மனசு மாறவில்லை என்றால் விருப்பத்தை மாற்ற விதி இடம் கொடுக்காதே என்று அவர் வருத்தப்பட்டார்.

கடைசியில் தேர்வு எழுத ஒத்துக்கொண்டாள். முந்நூறு கேள்வி. 'நீங்கள் கேட்பது உங்களுக்கு வேண்டியதுதான் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்பது முதல் கேள்வி. அதே கேள்வி வேறு வேறு சட்டை மாட்டிக்கொண்டு நாற்பது இடங்களில் வந்தது. அவள் எழுதுவதை ஓர் அதிகாரி மூலையில் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுத்தார். தோட்டத்துப் பிள்ளை, ஆபீஸில் யாராவது நிமிர்ந்து பார்த்தால் எழுந்து நின்று சிரிப்பதுதான் அவளுக்குப் பழக்கம். அவர் பார்த்தபோதெல்லாம் எழுந்து நின்று சிரித்தாள்.

முடிவு சாயங்காலமே வந்தது. மாணவி இரண்டு மணி நேரத்தில் முப்பத்தொரு தடவை முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். விருந்தோம்பலில் தொண்ணூற்று நான்கு சதவிகித ஈடுபாடு. ஆனர்ஸ் வேண்டும் என்பது வெளித்தூண்டுதலால் வந்த தற்காலிக எண்ணம். பிச்சைமணி அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். அறிவியலோடு சண்டை போட அவருக்குத் தெரியவில்லை.

வராந்தாவில் அவர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கூட்டிக்கொண்டிருந்த சுப்பாத்தாள் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். கொழிஞ்சாம்பாறைக்காரி. பன்னிரண்டு வருஷமாக இந்த வளாகத்தைக் கூட்டுகிறவள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏனுங்க, எந்தக் கிளாஸு கெடைச்சா என்னுங்க? இருவத்து நாலும் ஒரே ரூமுலதானுங்க நடக்குது. ஒரே வாத்தியாரு, ஒரே பொஸ்தவம். நாந்தானுங்க அந்த ரூமைக் கூட்டறேன். பெஞ்சுக்குப் பெஞ்சு பேரு மட்டும் ஒட்டி வெச்சிருக்காங்க."

முன்பு ஐந்து வாத்தியார்கள் இருந்தார்களாம். விருப்பங்கள் பெருகப் பெருக, அவற்றை நிர்வாகம் செய்ய ஆள் பற்றாமல் நாலு பேரை மையத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். ஒரே ரூம்தான், ஒரே பாடம்தான். ஆனால் சர்டிபிகேட் இருபத்து நான்கு விதம், அதில் இருபத்து மூன்றுக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறக்காது. ஊருக்குத் திரும்பப் பஸ் இல்லை. எங்கூட்டுல இருந்துக்கங்க, நாளைக்குப் பெரியவரையே பாருங்க என்று சுப்பாத்தாள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பெரியவர் என்றால் மையத்தின் இயக்குநர், பேராசிரியர் லட்சுமிநாராயணன். பாலக்காடு கல்பாத்தி. உளவியலில் முனைவர் பட்டம். பாடம் நடத்தி ஒன்பது வருஷம் ஆகிறது. மறுநாள் பதினோரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருபத்து நான்கு விருப்பங்களும் வண்ண வண்ணமாக ஒரு மரமாக வரையப்பட்டிருந்தன. அதை அவர் தடவிக்கொடுத்தார்.

"குட்டி, ஒண்ணு நன்னா மனசிலாக்கிக்கோ. ஆப்ஷன் குடுக்கறது எங்க தர்மமாக்கும். அதுல நாங்க ஒரு குறையும் வைக்கலை. அடுத்த வருஷம் முப்பத்தாறு ஆக்கப் போறோம். ஆனா கேட்டதைக் கேட்டபடி குடுத்துட்டா அதுக்கப்புறம் அது யுனிவர்சிட்டியா? கடைன்னா அது."

அவர் ஒரு படிவத்தை எடுத்தார். ஆனர்ஸ் கேட்கக் காரணம் என்று ஒரு கட்டம். காரணங்கள் ஐந்தையும் பல்கலைக்கழகமே யோசித்து அச்சடித்து வைத்திருந்தது. சிறுவயதுக் கனவு. சமூக சேவை. வேலைவாய்ப்பு. பெற்றோர் வற்புறுத்தல். பொழுதுபோக்கு. எது என்று கேட்டார். முருகேஸ்வரி ஐந்தையும் படித்துவிட்டு எதுவும் இல்லை என்றாள். ஏதாவது ஒன்று இருந்துதான் ஆக வேண்டும் என்றார் அவர். அப்போதுதான் அவள் சொன்னாள்.

"முனீஸ்வரன்னு எனக்கு ஒரு அண்ணன் சார். ஜீப் கவுந்து செத்துப்போச்சு. அப்புறம் அம்மா தூங்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டருக்குத் தமிழ் வராது. எனக்குப் பதினாலு வயசு, நான்தான் மலையாளத்துல சொல்லணும். அம்மா, 'எனக்கு இருக்கவே பிடிக்கல, அதச் சொல்லு தாயி'ன்னுச்சு. எனக்கு வாய் வரல சார். தலவலின்னு சொல்லிட்டேன். தலவலிக்கு மாத்திர குடுத்தாங்க. இன்னமும் அம்மா அதத்தான் முழுங்குது."

பிச்சைமணி மகளைத் திரும்பிப் பார்த்தார். மனைவி குருவம்மாளின் தலைவலிக்கு அவர் நாலு வருஷமாக மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறார். அவருக்கு இது தெரியாது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லட்சுமிநாராயணனும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் இயக்குநராக இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதை நான் இந்த அஞ்சுல எதுல போடட்டும்?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். கடைசியில் அவரே பெற்றோர் வற்புறுத்தலில் ஒரு டிக் போட்டார்.

இவ்வளவு வேண்டியதை எதற்குக் கடைசியில் போட்டீர்கள் என்று அவர் கேட்டபோது, பிச்சைமணி மனு எழுதும் முறையைச் சொன்னார்.

"மொதல்ல இருக்கறதெல்லாம் நீங்க மறுக்கறதுக்குங்கய்யா. மறுத்து மறுத்து மனுசனுக்கு ஒரு எடத்துல சங்கடமா இருக்கும்ல. அங்கதான் நாங்க கேக்க வந்தத வப்போம்."

"மறுக்கறவனுக்குச் சங்கடம் வரும்னு நம்பிண்டா எழுதறேள்?"

"வருங்கய்யா. தோட்டத்துல வரும்."

இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு கருத்தை லட்சுமிநாராயணன் கேட்டதில்லை. எழுந்து நின்றுவிட்டார். பெல் அடித்து இரண்டு அதிகாரிகளை வரவழைத்து, பிச்சைமணியை இன்னொரு தடவை சொல்ல வைத்தார். இதுதான் களம், இதுதான் உளவியல், இத்தனை நாள் தோட்டத்துக் குழந்தைகளின் மனசைத் தலைகீழாக வாசித்துவிட்டோமே என்று நெகிழ்ந்தார். அப்பாவுக்கும் மகளுக்கும் சாயா வந்தது. நாளைக் காலை ஒரு மனு எழுதிக் கொடுங்கள், உடனே பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். படியிறங்கும்போது பிச்சைமணி, நல்ல மனுஷன் என்றார்.

அன்று சாயங்காலம் சுப்பாத்தாள் வீட்டில் உட்கார்ந்து பிச்சைமணி மனு எழுதினார். பட்ட பிறகு புத்தி வராமல் இருக்குமா? நாற்பது வருஷப் பழக்கத்தைப் பல்லைக் கடித்து மாற்றிக்கொண்டு, பெரியதை முதலில் எழுதினார். ஒன்று, பி.எஸ்சி. உளவியல் ஆனர்ஸ். இரண்டு, விடுதியில் இடம். மூன்று, சந்தேகங்களைத் தமிழில் கேட்க அனுமதி. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனு என்றால் பணிவாக முடிய வேண்டும் என்று, நாலாவதாக ஒன்றைச் சேர்த்தார். நாங்கள் வெகுதூரம் போக வேண்டியவர்கள், எங்களை நாலு மணி பஸ்ஸுக்கு அனுப்பி வைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள், திருத்தத்துக்குக் கடைசி நாள், காலை பத்து மணிக்கு மனு உள்ளே போயிற்று. பதினோரு மணிக்கு ஒரு சுற்றறிக்கை வெளியே வந்தது. தோட்டப் பகுதி விண்ணப்பதாரர்களின் பண்பாட்டு மரபை மதித்து, அவர்கள் தரும் மனுக்களும் படிவங்களும் இன்று முதல் கீழிருந்து மேலாக வாசிக்கப்படும். கடைசியில் இருப்பதே முதல் விருப்பம். அது அனுமதிக்கப்பட்டதும் மேலே உள்ளவை தாமாகவே ரத்தாகும். இதற்கு முன் பெற்ற படிவங்களுக்கு இது பொருந்தாது. கீழே லட்சுமிநாராயணன் கையெழுத்து, பச்சை மையில்.

மூன்று இருபதுக்கு ஆணை வந்தது. பல்கலைக்கழக வரலாற்றில் அவ்வளவு வேகமாக எந்த மனுவுக்கும் பதில் வந்ததில்லை என்று ஸ்ரீஜித்தே சொன்னார். 'விண்ணப்பதாரரும் அவருடைய தந்தையும் நாலு மணி பஸ்ஸில் ஊர் திரும்ப இதனால் அனுமதிக்கப்படுகிறார்கள். ஏனைய கோரிக்கைகள் ரத்து.' கூடவே, அனுமதியைப் பயன்படுத்திக்கொண்டதற்கு அத்தாட்சியாகப் பஸ் டிக்கெட்டின் நகலை ஏழு நாளுக்குள் அனுப்பும்படி ஒரு குறிப்பு.

பிச்சைமணி அந்தத் தாளைப் பிடித்தபடி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். ரெண்டு தடவையும் நானே உன்னைக் கெடுத்துட்டேனே தாயி என்று மட்டும் சொன்னார். முருகேஸ்வரிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் வாய் வராமல் நின்றது போதும் என்று நினைத்தாள். நேராகத் திருத்தப் பிரிவுக்குப் போய், மணி ஐந்தாகவில்லையே, சுற்றறிக்கை இன்று முதல் தரும் படிவங்களுக்குத்தானே, புதுப் படிவம் ஒன்று கொடுங்கள் என்று கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள்.

படிவத்தில் இருபத்து நான்கு வரிகள். ஒன்றும் காலியாக இருக்கக் கூடாது. முருகேஸ்வரி முதல் வரியில் பி.எஸ்சி. உளவியல் ஆனர்ஸ் என்று எழுதினாள். இரண்டாவதிலும் அதையே எழுதினாள். மூன்றாவதிலும். இருபத்து நாலாவது வரி வரைக்கும் கை ஓயாமல் அதையே எழுதிக் கொடுத்தாள்.

ஸ்ரீஜித் அதைப் பிடித்துப் பார்த்தார். இப்படி எழுதலாமா என்று பக்கத்து மேஜையைக் கேட்டார். பதினோரு அதிகாரிகளும் ஒன்றுகூடி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினார்கள். கூடாது என்று எங்கும் இல்லை. ஒரே விஷயத்தை ஒருவர் இருபத்து நான்கு தடவையும் விரும்பக்கூடும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. நாலு ஐம்பத்திரண்டுக்குக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். மேல் எது, கீழ் எது என்ற குழப்பம் அதற்கு வரவே இல்லை. முருகேஸ்வரி, பி.எஸ்சி. உளவியல் ஆனர்ஸ். வாழ்த்துகள், பூங்கொத்து.

ஆனால் கம்ப்யூட்டரோடு முடிவதற்கு அது கடை இல்லையே. ஐந்து மணிக்கு லட்சுமிநாராயணனின் குறிப்பு வந்தது. 'இந்த மாணவி ஒன்றையே இருபத்து நான்கு தடவை விரும்பியிருப்பது கவலைக்குரியது. ஆரோக்கியமான மனம் மாற்று வழிகளைத் தேடும். எனவே மாணவர் ஆலோசகரிடம் தாய்மொழியில் ஆலோசனை பெற்ற பிறகே இவருடைய சேர்க்கை உறுதியாகும். அதுவரை தற்காலிகமாக வகுப்பில் உட்காரலாம்.'

தமிழ் ஆலோசகர் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். ஸ்ரீஜித் கொஞ்சம் தயங்கிவிட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாவி சுப்பாத்தாளிடம் இருந்தது. உள்ளே ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, தூசு இல்லாமல்.

"ஆளு வந்தா உக்கோரோணுமுல்லங்க. அதான் தெனமும் தொடைச்சு வெச்சர்றேன்," என்றாள் சுப்பாத்தாள்.

அந்தப் பதவி பதினோரு வருஷமாகக் காலி. தகுதியான ஆள் கிடைக்கவில்லை. தகுதி கதவுக்குப் பின்னாலேயே ஒட்டியிருந்தது: தமிழ் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், எல்லைப்புறப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. உளவியல் ஆனர்ஸ் தேறி மேற்படிப்பும் முடித்திருக்க வேண்டும். பிச்சைமணி அதை நிறுத்தி நிறுத்திப் படித்தார். மகளைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவருக்கு ஓர் அரசாங்கத் தாள் தெளிவாகப் புரிந்தது. அந்த ஆள் எப்போது வருவார், அவர் முதலில் யாருக்கு ஆலோசனை சொல்லி யாருடைய சேர்க்கையை உறுதி செய்வார் என்பதை விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

மேஜைமேல் காத்திருப்போர் பதிவேடு இருந்தது. ஒரு பெயரும் ஏறாத புதுப் பதிவேடு. விதிப்படி பெயரை எழுதி வைக்கச் சொன்னார் ஸ்ரீஜித். முருகேஸ்வரி முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல், அடுத்த வரியில் அம்மாவின் பெயரை, குருவம்மாள், சக்குபள்ளம் என்று எழுதினாள்.

ஸ்ரீஜித் குனிந்து பார்த்தார். இரண்டு பெயர், ஒரு சுற்றறிக்கை. எதற்கும் கேட்டு வைப்போம் என்று, இதை மேலிருந்து வாசிக்க வேண்டுமா கீழிருந்து வாசிக்க வேண்டுமா என்று கேட்டார்.

"கீழருந்து வாசிங்க சார்," என்றாள் முருகேஸ்வரி.